கிளியோபாட்ராவைப் பற்றித் தமிழில் நாவல்: யாருடைய கண் வழியாகச் சொல்வது?

கொழிஞ்சாம்பாறை வாசகன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். எகிப்தை ஆண்ட கடைசி அரசியான ஏழாம் கிளியோபாட்ராவைப் பற்றித் தமிழில் ஒரு சரித்திர நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். கி.மு. 51இல் 18 வயதில் அரியணை ஏறி, கி.மு. 30இல் 39ஆம் வயதில் இறக்கும் வரை ஒரு பெரிய நாட்டைக் கட்டிக் காத்த பெண்ணை, சீசருக்கும் ஆண்டனிக்கும் காதலியாக இருந்தவர் என்ற அளவிலேயே நம்மில் பலரும் அறிந்துவைத்திருக்கிறோம் என்பது என் மனக்குறை.

கதையின் முடிச்சு இது. கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் ரோமானியத் தலைவன் ஆக்டேவியனிடம் தோற்ற பிறகு, சீசருக்குப் பிறந்த தம் மகன் சீசரியோனைப் பெரும் பொருளோடு இந்தியாவுக்கு அனுப்பிவிட அரசி முயன்றதாகப் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பையனுக்கு ஆசிரியராக இருந்த ரோடோன், ஆக்டேவியன் அவனை அரசனாக்கக் கூப்பிடுகிறான் என்று ஆசை காட்டித் திருப்பி அழைத்து வந்ததாகவும், வந்தவனைப் பின்னர் கொன்றுவிட்டதாகவும் அவரே சொல்கிறார். இந்தியாவில் எந்தத் துறைமுகத்துக்கு அனுப்ப நினைத்தார் என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாலக்காட்டுக் கணவாயில் குடியிருப்பவனுக்குச் சேரரின் பழைய துறைமுகமான முசிறியைத் தவிர வேறு எந்தத் துறை நினைவுக்கு வரும்?

முதல் சில அத்தியாயங்களை நண்பர்களிடம் படிக்கக் கொடுத்தேன். அரசியின் அழகைப் பாதாதிகேசம் வருணிக்கவில்லையே என்று சிலர் குறைப்பட்டார்கள். அவர் தஞ்சாவூர் அரண்மனையில் வளர்ந்த இளவரசியைப் போலப் பேசுகிறார் என்று வேறு சிலர் சிரித்தார்கள். இப்போதைக்குக் கதையை அரசியே தம் வாயால் சொல்வதாக எழுதியிருக்கிறேன். அது சரிவருமா? முசிறியை உள்ளே கொண்டுவருவது வலிந்து ஒட்டவைத்ததாகத் தோன்றுமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மீனாட்சிபுரத்தார்:

வணக்கம் ஐயா. அரசியே கதை சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, அவரை வென்றவர்களின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. அவர் கைப்பட எழுதியதாகச் சொல்லக்கூடியது கி.மு. 33ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் ஆணையின் அடியில் இருக்கும் ஒரே ஒரு சொல்தான். அதுவும் அவர் கையெழுத்துத்தான் என்று அறிஞர் பலர் நம்புகிறார்கள் என்ற அளவில்தான். ஆண்டனிக்கு வேண்டிய ஒரு ரோமானியருக்குக் கோதுமை ஏற்றுமதியிலும் மது இறக்குமதியிலும் வரிவிலக்கு அளிக்கும் ஆணை அது. எழுத்தர் முழுவதையும் எழுதி முடித்த பிறகு, வேறொரு கை, "அப்படியே ஆகட்டும்" என்ற பொருளில் கிரேக்க மொழியில் ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறது. ஒரு பெரிய ஆளுக்கு வரியை விட்டுக்கொடுத்து அவருடைய தயவைச் சம்பாதிக்கும் அரசியை உங்கள் நாவலில் ஓர் அத்தியாயத்தில் உட்காரவைத்தால், பத்துப் பக்க அழகு வருணனையால் வராத கம்பீரம் அதில் வரும்.

அழகைப் பற்றி ஒரு வார்த்தை. பார்த்தவுடன் மலைக்கவைக்கும் ஒப்பற்ற அழகு அவருடையதல்ல என்றும், பேச்சும் குரலும் பழகும் விதமும்தான் ஆளைக் கட்டிப்போட்டன என்றும் புளூட்டார்க்கே சொல்லியிருக்கிறார். காசுகளில் இருக்கும் முகமோ வளைந்த மூக்கும் அழுத்தமான தாடையுமாக இருக்கிறது. பாதாதிகேசம் கேட்கும் நண்பர்களுக்கு அந்த வெண்கலக் காசைக் காட்டுங்கள். ஒரு புறம் அரசியின் தலை, மறுபுறம் கழுகு, பக்கத்தில் 80 அல்லது 40 என்று மதிப்பைக் குறிக்கும் எழுத்து. உலோகத்தின் எடையைப் பார்க்காதே, நான் சொல்லும் மதிப்பை ஏற்றுக்கொள் என்று குடிமக்களிடம் சொல்லும் காசு அது. வெள்ளிக் காசில் வெள்ளியின் அளவும் அவர் காலத்தில் மிகவும் இறங்கிக் கிடந்தது. கடனும் போரும் கழுத்தைப் பிடிக்கும்போது ஓர் ஆட்சி எப்படிப் பிழைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

யார் கண் வழியாகச் சொல்வது என்று கேட்டீர்கள். எனக்குச் சமையற்கட்டுத் தோன்றுகிறது. அலெக்சாண்டிரியாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பிலோட்டாஸ் என்ற இளைஞர் அரண்மனைச் சமையற்காரர் ஒருவரின் பழக்கத்தால் உள்ளே போய்ப் பார்த்ததைப் புளூட்டார்க்கின் தாத்தாவிடம் சொன்னாராம். எட்டுக் காட்டுப்பன்றிகள் நெருப்பில் வெந்துகொண்டிருந்தன. விருந்தாளிகள் ஏராளமோ என்று கேட்டதற்கு, வெறும் பன்னிரண்டு பேர்தான் என்றும், ஆண்டனி இப்போதே சாப்பாடு கேட்பாரா, மது அருந்திவிட்டு ஒரு நாழிகை கழித்துக் கேட்பாரா என்று தெரியாததால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்குவத்தில் வைத்திருக்கிறோம் என்றும் சமையற்காரர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்த அடுப்படியில் வேலை செய்யும் ஒருத்தியைக் கதை சொல்ல வையுங்கள். அரசியின் தாதிகளான ஈராஸும் கார்மியோனும் அரசியோடேயே இறந்துவிடுகிறார்கள். பிறகு நடந்ததை அவர்களால் சொல்ல முடியாது. அடுப்படிப் பெண் உயிரோடிருப்பாள். மிளகின் விலையும் அவளுக்குத் தெரிந்திருக்கும்!

நகரி நெசவாளி:

நான் ஆந்திர எல்லையில் இருப்பவன். ஓர் ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன்: வலிமை வாய்ந்த பழங்கால அரசி வேண்டுமென்றால் எகிப்துவரை ஏன் போக வேண்டும்? சாதவாகன அரசி நாகனிகா இருக்கிறாரே. மராட்டியத்தில் ஜுன்னாருக்கு அருகிலுள்ள நாணேகாட் கணவாய்க் குகையில் அவருடைய நீண்ட பிராமிக் கல்வெட்டு உள்ளது. செய்யப்பட்ட அசுவமேதம் முதலிய வேள்விகளும், கொடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பசுக்களும், காசுகளும் அதில் வரிசையாக வருகின்றன. அரச குடும்பத்தின் சிலைகளும் அங்கே பெயரோடு இருந்தன. இப்போது பெரும்பாலும் பாதங்கள்தான் எஞ்சியுள்ளன.

இருந்தாலும் நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உரையாடலைப் பற்றி எனக்கு ஒரு யோசனை உண்டு. தாலமி வம்சத்தார் மாசிடோனியக் கிரேக்கர்கள். ஏறத்தாழ 300 ஆண்டுகள் எகிப்தை ஆண்டும் எகிப்திய மொழியைக் கற்றுக்கொள்ளாத அந்தப் பரம்பரையில் கிளியோபாட்ராதான் முதன்முதலில் கற்றார் என்கிறார் புளூட்டார்க். எத்தியோப்பியர், எபிரேயர், அரேபியர், சிரியர், மேதியர், பார்த்தியர் ஆகியோரிடமும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசினாராம். வீட்டில் தமிழும் தாலுகா அலுவலகத்தில் தெலுங்கும் பேசிப் பிழைக்கும் என்னைப் போன்றவனுக்கு அந்த அரசியை விளக்கவே தேவையில்லை. எந்த மொழியில் பேசினால் எதிரில் இருப்பவர் இளகுவார் என்பது எல்லைக்காரனுக்குப் பிறவியிலேயே தெரிந்த வித்தை. ஆகவே "தேவி", "நாதா" போன்றவற்றை விட்டுவிடுங்கள். ரோமானியரிடம் பேசும்போது அளந்த, குறைவான சொற்கள். கோயில் குருமாரிடம் பேசும்போது பணிவு கலந்த நீண்ட வாக்கியங்கள். சமையற்கட்டில் வெறும் கட்டளை. மூன்றும் நல்ல தமிழிலேயே இருக்கட்டும், நடை மட்டும் மாறட்டும். இன்னொன்றும் கவனியுங்கள். அந்த மொழிப் பட்டியலில் இந்தியர் இல்லை. மிளகு வணிகன் யாராவது அவர் முன்னால் நிற்கும் காட்சியை எழுதினால் நடுவில் ஒரு துபாஷி தேவைப்படுவார். வழக்கமாகத் தாமே பேசிக்கொள்ளும் அரசி இன்னொருவர் வாயை நம்பியிருக்க நேரும் அந்த இடம் நாவலுக்கு நல்ல இடம்.

கொழிஞ்சாம்பாறை வாசகன்:

இருவருக்கும் நன்றி. நாகனிகாவை வேறொரு நூலுக்கு வைத்துக்கொள்கிறேன்; இதில் அவரையும் இழுத்தால் இரண்டும் கெடும். அடுப்படிப் பெண் என்ற யோசனை பிடித்திருக்கிறது. முசிறியைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே?

பறவூரில் வேலை பார்ப்பவன்:

சொந்த ஊர் வேலந்தாவளம் என்றாலும், பிழைப்பு வடக்கன் பறவூர்ப் பக்கம். முசிறி என்று பலர் கருதும் பட்டணம் அகழாய்வு இடம் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் முசிறியைப் பற்றி நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன்.

முதலில் உங்களுக்குச் சாதகமானது. அலெக்சாண்டிரியா ஆக்டேவியன் கையில் விழுந்தது கி.மு. 30 ஆகஸ்ட் 1. செங்கடல் துறையான பெரெனிகேயிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல்கள் புறப்படும் மாதம் ஜூலை. நைல் கரையிலுள்ள கோப்டோசிலிருந்து பெரெனிகேவரை பாலைவனத்தில் பன்னிரண்டு நாள் பயணம். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில் நடந்தார்கள் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. செங்கடலின் வாய்க்கு ஏறக்குறைய முப்பது நாள், அங்கிருந்து தென்மேற்குப் பருவக்காற்றில் முசிறிக்கு நாற்பது நாள். அவர் எழுதியது ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு என்றாலும் காற்று மாறிவிடவில்லை. ஆகவே பையனை அனுப்பிய நேரம் கப்பலுக்குச் சரியான நேரம். ரோடோன் சில வாரங்கள் அவனைப் பேசிப் பேசியே நிறுத்திவைத்தாலும் போதும், அந்த ஆண்டின் காற்று போய்விடும். துரோகத்துக்குக் கத்தி தேவையில்லை, நாள்காட்டி போதும். இந்த அத்தியாயத்தை நீங்கள் எழுதாவிட்டால் நானே எழுதிவிடுவேன்.

இதற்கு முன்பே அரசி மற்றொரு வழியையும் முயன்றார். கப்பல்களை மத்தியதரைக் கடலிலிருந்து நிலத்தின் மேல் இழுத்துச் செங்கடலில் இறக்கித் தாமே தப்பிப்போக நினைத்தார். முதலில் இழுத்து வந்த கப்பல்களைப் பெத்ரா பகுதி அரேபியர்கள் எரித்துவிட்டார்கள். மணலில் இழுபடும் கப்பலை நேரில் பார்க்கும் மாலுமி ஒருவன் கிடைத்தால் விடாதீர்கள்.

இனிப் பாதகமானது. சங்கப் பாட்டில் வரும் முசிறி, யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறி. அகநானூற்றின் 149ஆம் பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தைக் கி.மு. 30இல் காட்டினால் தவறாகிவிடும். தாலமி மன்னர்கள் காலத்தில் இருபது கப்பல்கள்கூடச் செங்கடலைத் தாண்டத் துணியவில்லை என்றும், ரோமானியர் எகிப்தைப் பிடித்த பிறகு மியோஸ் ஹோர்மோஸ் என்ற இன்னொரு செங்கடல் துறையிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போயின என்றும் கிரேக்கப் புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். வெள்ளலூர் முதலான கொங்குநாட்டு இடங்களில் கிடைத்த ரோமானியக் காசுகளில் மிகுதியானவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. அகஸ்டஸ் என்பவர் வேறு யாருமல்ல, அதே ஆக்டேவியன்தான். பெரெனிகேயில் கிடைத்த ஏழரைக் கிலோ மிளகும், அது இருந்த இந்தியப் பானையும், முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் எழுதிய பாப்பிரஸ் தாளும் அதற்கும் பிந்தியவை. அதாவது, கிளியோபாட்ரா தோற்றதால்தான் முசிறி செழித்தது. உங்கள் கதைப்படி, மகன் ஒளிந்துகொள்வதற்காக அவர் மனத்தில் வைத்திருந்த துறையை, அந்த மகனைக் கொன்றவனே பெரிய சந்தையாக்கினான். முசிறி வலிந்து ஒட்டவைத்ததாகத் தோன்றுமா என்று கேட்டீர்கள். இந்தக் கோணத்தில் எழுதினால் முசிறி இல்லாமல் நாவலே நிற்காது.

ஆகவே உங்கள் முசிறி சிறியதாக இருக்கட்டும். கப்பல் கரையை அணுகாமல் தொலைவில் நிற்க, சரக்கைத் தோணிகளில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது என்று பிளினி அலுத்துக்கொள்கிறார். அது உங்களுக்கு வசதி. சேர மன்னன் பெயரைச் சொல்ல வேண்டாம், அந்த ஆண்டுக்கு யாரையும் உறுதியாக நிறுவ முடியாது. கணவாய் வழியாகக் கொங்கு நாட்டு மணிக்கற்களும் வரட்டும், மிளகு மட்டுமே வர வேண்டியதில்லை. மறந்தும் சமையலில் மிளகாய் போட்டுவிடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகன்:

ஐயா, நான் தேடிக்கொண்டிருந்த கதை இதுதான். ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது: பையன் வரவே இல்லையென்றால், முசிறியில் யார் இறங்குவது?

மீனாட்சிபுரத்தார்:

பையனைக் கப்பலேற்ற ஆசைப்படாதீர்கள். அவன் கொல்லப்பட்டது நாடறிந்த செய்தி, அதை மாற்றினால் வாசகர் மற்ற எதையும் நம்பமாட்டார். ஆனால் அவனோடு அனுப்பிய பொருள் என்ன ஆயிற்று என்று புளூட்டார்க் சொல்லவில்லை. அரண்மனைக் கருவூலம் ஆக்டேவியனுக்குக் கிடைத்தது. அந்தச் செல்வம் ரோமுக்கு வந்து சேர்ந்ததும் நூற்றுக்குப் பன்னிரண்டாக இருந்த வட்டி நான்காக இறங்கியதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் எழுதியிருக்கிறார்; ஒரு பெண்ணின் கையில் எவ்வளவு இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பெரெனிகேவரை போன பெட்டிகளில் ஒன்றிரண்டு திரும்பாமல் போயிருந்தால் ரோமானியர் கணக்கில் அது தெரிந்திருக்காது. பையனுக்குச் சமைத்துப்போடக் கூடவே அனுப்பப்பட்ட உங்கள் அடுப்படிப் பெண், ஆசிரியர் பேச்சைக் கேட்டு அவன் திரும்பிய பிறகும், அந்தப் பெட்டியோடு கப்பலில் இருந்துவிடட்டும். புரட்டாசியில் அவள் தோணியில் இறங்கும்போது அரசி இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். அந்தச் செய்தியை அவளுக்குக் கொண்டுவரும் கப்பல் அடுத்த ஆண்டுக் காற்றில்தான் வரும். அந்த ஓராண்டை எழுதுங்கள்.