வம்சாவளி சரிபார்ப்பு

பெரியப்பா: வம்சாவளிப் படம் முடிஞ்சுது. ஏழு தலைமுறை, 412 பேர். பிழை இருந்தா சொல்லுங்க.

அத்தை: அண்ணா, பெரிசு பண்ணா எழுத்து எறும்பு மொய்ச்ச மாதிரி இருக்கு 😄

முகில்: படமா அனுப்பினா வாட்ஸ்அப் சுருக்கிடும் பெரியப்பா. டாக்குமென்ட்டா போடுங்க.

பெரியப்பா: 📎 போட்டாச்சு.

அத்தை: இப்ப தெளிவு. ஆனா என் பேருகிட்டப் போனா மேல யாரு, பக்கத்துல யாருன்னு தெரியல. சின்னது பண்ணா என்னையே காணோம்!

முகில்: ஜூம்னாலே அதான் அத்தை. 4 மடங்கு பெரிசாக்கினா, படத்துல 16ல ஒரு பங்குதான் திரையில நிக்கும்.

கவிதா: மேப்ல மட்டும் எப்படிக் குழம்பறதில்ல?

முகில்: அங்க ஒவ்வொரு படிக்கும் தனிப் படம். ஒரு படி உள்ள போனா துண்டுகள் நாலு மடங்காகும், கண்ணுல படுற துண்டு மட்டும்தான் இறங்கும். தள்ளி நின்னா ஊர் பேரு, கிட்டப் போனா தெரு பேரு.

முகில்: இந்த லிங்க்கைப் பாருங்க. விரல் வச்ச இடத்துல மட்டும் பூதக்கண்ணாடி வரும்.

அத்தை: வட்டம் எங்க அண்ணனையே மறைக்குதே!

பெரியப்பா: 😡

முகில்: பெரிசான வட்டத்துக்கு இடம் வேணுமே, பக்கத்துல இருக்கிறவங்க தலைமேல உக்காந்துடுது. சரி, மேல 'மீன்கண்'னு ஒரு பட்டன் இருக்கு, அழுத்துங்க. நடு பெரிசாகும், ஓரம் போகப்போக நெருங்கும். யாரும் மறைய மாட்டாங்க.

அத்தை: ஓரத்துல எல்லாரும் புளிமூட்டை மாதிரி கிடக்காங்க. ஒரு பேரும் படிக்க முடியல.

முகில்: அதுக்கு வடிவத்தை வளைக்காம, யாரைக் காட்டறதுன்னு கணக்குப் போடலாம். ஜார்ஜ் ஃபர்னாஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1986லயே எழுதிட்டார். ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு தூரம்: நீங்க தொட்ட ஆள்கிட்டயிருந்து எத்தனை படி, மூலவர், அதாவது வம்சத்தோட முதல் ஆள்கிட்டயிருந்து எத்தனை படி. ரெண்டையும் கூட்டணும். தொகை குறைஞ்சவங்க பெரிசா வருவாங்க, கூடினவங்க மறைவாங்க.

கவிதா: புரியல.

முகில்: அத்தையைத் தொட்டா அத்தை, அவங்க அப்பா, தாத்தான்னு மூலவர் வரை எல்லாருக்கும் ஒரே தொகை, அதுதான் குறைஞ்சது. அடுத்து அத்தையோட கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்க, தாத்தாவோட கூடப்பிறந்தவங்க. ஒண்ணுவிட்டவங்க அதுக்கும் அப்புறம்தான். மாத்திட்டேன், திறங்க.

கவிதா: அட, 412 பேர்ல முப்பது பேர்தான் நிக்கறாங்க. ஆனா யாருக்கு யாருன்னு பளிச்னு தெரியுது.

அத்தை: அண்ணா! சரோ என் தங்கச்சி. அவளை எனக்கு முன்னாடி, மூத்தவளா போட்டிருக்கீங்க!

பெரியப்பா: அந்தப் பக்கத்தை அவகிட்டதான் சரிபார்க்கக் கொடுத்தேன்.