நல்ல நடிகர்களை வீணாக்காத படம் சொல்லுங்க பிளீஸ்

எல்லாருக்கும் வணக்கம், ஒரு உதவி வேணும். போன வாரம் அம்மாவையும் அத்தையையும் சிங்கப்பூர் ஈசூன்லேர்ந்து எம்ஆர்டி ரயில் புடிச்சு தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன், போஸ்டர்ல அவங்களுக்குப் புடிச்ச நாலு பெரிய நடிகருங்க, ஆனா படத்துல ஒருத்தர் வந்து ஹீரோ தோள்ல தட்டிட்டுப் போறாரு, இன்னொருத்தங்க காபி டம்ளரோட கதவோரமா நிக்கிறாங்க, அவ்ளோதான். அம்மா வழியெல்லாம் பேசவே இல்ல. எனக்கு மனசு தாங்கல.

1994ல வந்த மகளிர் மட்டும் படத்துல நாகேஷ் சார் பிணமா நடிச்சாரு, ஒரு வசனம் கிடையாது, இன்னிக்கும் அதப் பாத்தா அம்மா கண்ணுல தண்ணி வர சிரிப்பாங்க! எழுதத் தெரிஞ்சவங்க கையில கெடச்சா அப்படி. பார்க்கிங் படத்துல எம்.எஸ்.பாஸ்கர் சார் அந்த வீம்பு புடிச்ச மனுஷனாவே வாழ்ந்துட்டாரு, தேசிய விருதும் வாங்கினாரு.

வர்ற சனிக்கிழமை அம்மாவுக்கு 70 வயசு, சொந்தக்காரங்க எல்லாம் வீட்டுக்கு வர்றாங்க. ஊர்வசி, நாசர் மாதிரி ஆளுங்களுக்கு முழுசா வேலை இருக்கற படம், தமிழோ மலையாளமோ, எதுன்னாலும் சொல்லுங்க. பிள்ளைங்களுக்காக இங்கிலீஷ் சப்டைட்டில் கண்டிப்பா வேணும். வெள்ளிக்குள்ள சொன்னா ரொம்ப நன்றி.