கோங்க் தேவாலய வாயிற்சிற்பம்: தீர்ப்புக் காட்சியில் இரும்புத் தளைகள் ஏன்?

கேள்வி:
பிரான்சின் அவெரோன் பகுதியில், ஸ்பெயினின் சாந்தியாகோ திருத்தலத்துக்குச் செல்லும் யாத்திரைப் பாதையில் உள்ள கோங்க் ஊரின் புனித ஃபோய் தேவாலயத்தைப் பற்றிப் படித்து வருகிறேன். மேற்கு வாயிலுக்கு மேல், 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கப்பட்ட இறுதித் தீர்ப்புச் சிற்பத்தில், இயேசுவின் வலப்பக்கம் ஒரு பெண் குப்புற விழுந்து வணங்க, கடவுளின் கை அவளை நோக்கி நீள்கிறது. அவளுக்குப் பின்னுள்ள வளைவுகளில் இரும்புத் தளைகள் தொங்குகின்றன. தீர்ப்புக் காட்சியில் தளைகளுக்கு என்ன வேலை?

மறுமொழி 1:
வணங்குபவர் புனித ஃபோய்தான். ஏஜன் நகரில் சிறுவயதிலேயே மறைசாட்சியாக இறந்த அவருடைய திருப்பண்டங்களை (போற்றிக் காக்கப்படும் உடல் எச்சங்களை), 9-ஆம் நூற்றாண்டில் கோங்க் துறவிகள் கவர்ந்து வந்தார்கள். (பக்தியின் பெயரால் நடந்தாலும் திருட்டு திருட்டுதான்.) சிறைப்பட்டோரை விடுவிப்பவர் என்று அவர் பெயர் பெற்றதால், விடுதலையானவர்கள் தங்கள் தளைகளை அங்கே காணிக்கையாக்கினார்கள். அவை அளவுக்கு மீறிச் சேர்ந்ததால் கொல்லர்களைக் கொண்டு கதவுகளாக அடிக்கச் செய்தார்கள் என்று 11-ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த ஆன்ஷே நகரத்துப் பெர்னார் எழுதியுள்ளார். இன்று பீடத்தைச் சூழ்ந்து நிற்கும் இரும்புக் கிராதியும் அத்தகைய தளைகளால் ஆனதே என்பது ஊர் வழக்கு. ஆகவே அந்த வளைவுகள், யாத்திரிகர் வாயிலைக் கடந்ததும் காணப்போகும் அதே கோவிலைக் குறிக்கின்றன என்றே நான் கொள்கிறேன்.

மறுமொழி 2:
ஏற்கத்தக்க விளக்கம், கட்டட அமைப்பும் அதற்குத் துணை நிற்கிறது. பீப்பாயைப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற கல் விதானம், நடுக்கூடத்துக்கு மேலே 20 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் செல்கிறது. பக்கக்கூடங்கள் பீடத்தின் பின்புறம் வளைந்து ஒரே சுற்றுவழியாக இணைவதால், துறவிகளின் வழிபாட்டைக் குலைக்காமல் யாத்திரிகர் கிராதியை ஒட்டியே வலம்வர முடிந்தது.

ஆனால் எதிர்ப்பக்கத்து நரகத்தையும் விட்டுவிடக் கூடாது. கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்கும் பேராசைக்காரனும், குதிரையிலிருந்து தலைகீழாக விழும் வீரனும், நெருப்பில் வாட்டப்படும் வேட்டைக்காரனும் அங்கே உள்ளனர். ஆன்மாக்களை நிறுக்கும் எடைத்தட்டைத் தன் பக்கம் இறக்கப் பார்க்கும் பேயின் முகத்தில் தெரியும் கள்ளத்தனத்துக்கு ஈடாக, சொர்க்கத்துப் புனிதர்களிடம் எதுவுமில்லை!

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சில உருவங்களில் நீலமும் சிவப்பும் தெரிகின்றன. அவை பிற்காலப் பூச்சா?

மறுமொழி 1:
பழைய வண்ணத்தின் எச்சமே. ஆழ்ந்து உள்ளடங்கிய வாயில் என்பதால் மழைக்குத் தப்பியது. நேரில் செல்வதானால் பிற்பகலில் செல்லுங்கள். மேற்கு வெயில் படும்போது அந்த வண்ணம் துலங்கும்.