இரண்டு வயதில் 22 சொல்: பட்டியலை நம்பலாமா, காத்திருக்கலாமா?

நிலாஅம்மா:
மகனுக்கு 24 மாதம். மருத்துவர் தந்த சொற்பட்டியலில் டிக் போட்டுப் பார்த்தால் 22தான் தேறியது. 50 சொல்லாவது வந்திருக்க வேண்டும், இரண்டு சொல் சேர்த்தும் பேச வேண்டும், பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள் என்கிறார். அம்மா டிக் போட்ட ஒரு தாளை வைத்துப் பிள்ளையை எடை போடலாமா?

பழையபேனா:
கூடாது. நான் மூன்று வயது வரை வாயே திறக்கவில்லையாம். இப்போது என்னை நிறுத்தத்தான் ஆள் தேவை. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசியே 2022இல் தந்த புதிய வளர்ச்சிப் பட்டியலில் 50 சொல்லை 30 மாதத்துக்குத்தான் வைத்திருக்கிறது. இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, விடுங்கள்.

மொழிக்காது:
பாதிதான் சொல்கிறீர்கள். சிடிசியின் பழைய பட்டியலில் இருந்தது, பாதிக் குழந்தைகள் எட்டும் வயது. புதியது, 75 விழுக்காட்டுக் குழந்தைகள் எட்டும் வயது. அதையும் எட்டவில்லை என்றால் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள் என்பதற்காகத்தான் மாற்றினார்கள். காத்திருக்கச் சொல்வதற்கு அதையே சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்களே!

24 மாதத்தில் 50 சொல் என்பது உளவியலாளர் லெஸ்லி ரெஸ்கொர்லா 1989இல் வெளியிட்ட 310 சொல் பட்டியலில் உள்ள அளவு. அது சல்லடை, தீர்ப்பு அல்ல. அம்மா டிக் போடுவதில் தப்பும் இல்லை. புது ஆளைப் பார்த்தால் பிள்ளை அரைமணி நேரம் அம்மா பின்னால் ஒளிந்துகொள்ளும், அங்கே என்ன எண்ணுவது?

நிலாஅம்மா, எதையெல்லாம் எண்ணினீர்கள்? நாயைப் பார்த்து எப்போதும் "பௌ" என்றால் அது ஒரு சொல். தண்ணீருக்கு "ண்ணி" என்றாலும் சொல்தான். நீங்கள் சொன்னதும் திருப்பிச் சொல்வது மட்டும் கணக்கில்லை. வீட்டில் இரண்டு மொழி என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும்.

நிலாஅம்மா:
ஐயோ, திருத்தமாகச் சொன்னதை மட்டும் எழுதினேன். அவன் அப்பாவின் மொழியைச் சேர்க்கவே இல்லை. மறுபடி எண்ணினால் 41.

பழையபேனா:
ஒரே ராத்திரியில் 22, 41 ஆகிறது. இது அளவுகோலா, ரப்பரா?

மொழிக்காது:
தாளைக் கொடுத்தவர் எப்படி எண்ணுவது என்று சொல்லவில்லை, அது தாளின் குற்றமா? எண்ணிக்கையை விட எனக்கு வேறு சில முக்கியம். கையால் காட்டாமல் "பந்தை எடுத்து வா" என்றால் எடுக்கிறானா? விரல் நீட்டி உங்களுக்கு ஏதாவது காட்டுகிறானா? வந்த சொல் ஏதும் நின்றுபோனதா? காது பார்த்தீர்களா?

நிலாஅம்மா:
எடுக்கிறான், காட்டுகிறான். எதுவும் நிற்கவில்லை. ஆனால் சேர்த்துப் பேசுவதில்லை. காது, பிறந்தபோது பார்த்ததோடு சரி.

மொழிக்காது:
உடனே பாருங்கள். பிறந்தபோது நன்றாக இருந்த காதிலும் பின்னால் நடுக்காதில் நீர் கோக்கலாம். கூப்பிட்டால் திரும்புவான், ஆனால் சொல் அமுங்கித்தான் கேட்கும்.

பழையபேனா:
காதுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் இவ்வளவு புரிகிற பிள்ளைக்குப் பயிற்சி எதற்கு? தாமதமாகப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் தானே எட்டிப் பிடிக்கிறார்கள். "பேச்சு வராத பிள்ளை" என்று பேர் வைத்துவிட்டால், அப்புறம் வீடே அவனுக்காகப் பேசிவிடும்.

மொழிக்காது:
அந்தக் கடைசி வரி சரி. ஆனால் யார் எட்டிப் பிடிப்பார், யார் மாட்டார் என்று இரண்டு வயதில் உறுதியாகச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அனுப்பினால் யாருக்கு நட்டம்?

நிலாஅம்மா:
இந்த வாரம் காதுச் சோதனை, அடுத்து பயிற்சியாளர். புதுத் தாளில் அவன் அப்பாவும் தனியாக டிக் போடுகிறார். "டாட்டா" சொல்லா, வெறும் கையாட்டலா என்று இப்போதே சண்டை.