ஆர்சிஏ பிளக்கும் ஜாக்கும் ஒரே உலோகமாக இருக்க வேண்டுமா?

உப்புவெளிவாசி:
வணக்கம். எங்கள் வீடு உப்புவெளியில் கடலுக்கு மிக அருகில் உள்ளது. பழைய அம்பிளிபயரின் ஆர்சிஏ ஜாக்குகள் (சிடி பிளேயர் போன்றவற்றின் ஒலி வயரைச் செருகும் வட்ட முனைகள்) வெள்ளை நிற உலோகம். புதிதாக வாங்கிய வயரின் பிளக்குகள் தங்கமுலாம் பூசியவை. சில மாதங்களிலேயே இடப்பக்கம் கரகரக்கத் தொடங்கியது. பிளக்கைச் சற்றுத் திருகினால் கரகரப்பு நின்று, பின்னர் மீண்டும் வருகிறது. தங்கம் கறுக்காது என்றுதானே சொல்கிறார்கள்?

பழைய ரேடியோக்காரன்:
தம்பி, தங்கம் கறுக்காது என்பது உண்மைதான். கெடுவது அதனோடு உரசும் மற்ற உலோகம். ஜாக்கை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மங்கலான சாம்பல் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் வெள்ளீயம். இலேசான மஞ்சள் சாயலோடு பளபளத்தால் நிக்கல். நிக்கலோடு தங்கம் ஓரளவு ஒத்துப்போகும், வெள்ளீயத்தோடு ஒத்துப்போகாது. வெள்ளீயம் மென்மையானது என்பதால், ஸ்பீக்கரின் அதிர்விலும் வெப்பநிலை மாற்றத்திலும் ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத அசைவில் அதன் துகள்கள் தங்கத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, அங்கேயே ஆக்சைடாக மாறி, மின்னோட்டத்தைத் தடுக்கும் படலமாகிவிடுகின்றன. அதன்மேல் உப்பு ஈரமும் படிந்தால் இரண்டு உலோகங்களும் சிறிய மின்கலம் போலாகி, வெள்ளீயம் அரிக்கப்படும். தங்கத்தின் நியம மின்முனை அழுத்தம் (உலோகம் எவ்வளவு எளிதில் அரிக்கப்படும் என்பதைக் காட்டும் அளவு; குறைந்தால் எளிதில் அரிக்கப்படும்) ஏறத்தாழ +1.5 வோல்ட், வெள்ளீயத்தினது –0.14 வோல்ட், இடைவெளி அவ்வளவு பெரியது. சிடி பிளேயரின் உச்ச வெளியீடே ஏறத்தாழ 2 வோல்ட்தான். மெல்லிய இசைப்பகுதிகளில் அது மில்லிவோல்ட்டுகளாகக் குறைந்துவிடுவதால், அந்தப் படலத்தை உடைத்துச் செல்லும் வலு அதற்கு இருக்காது.

கடலோரத்தான்:
அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மலிவான பிளக்குகளில் தங்கப்பூச்சு மிக மெல்லியது. அதிலுள்ள நுண்துளைகள் வழியே நம் ஊர்க் கடற்காற்றின் ஈரம் இறங்கி, அடியில் நிக்கல் படை சரியாக இல்லாவிட்டால், பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். பிளக்கின் நடு ஊசியின் அடியில் பச்சைப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். ஆனால் எல்லாப் பழியையும் உலோகத்தின்மேல் போட முடியாது. வெளி வளையம் தளர்ந்திருந்தால் தங்கத்தோடு தங்கம் சேர்ந்தாலும் கரகரக்கும்.

உப்புவெளிவாசி:
நன்றி. ஜாக் மங்கலான சாம்பல் நிறம்தான், பச்சைப் புள்ளி இல்லை. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்க்கலாமா? ஸ்பீக்கர் வயரின் செம்பு முனைகளும் கறுத்துள்ளன.

பழைய ரேடியோக்காரன்:
புளி வேண்டாம், அமிலம் இடுக்கில் தங்கி மேலும் அரிக்கும். அரத்தாளும் பூச்சை எடுத்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்து, ஐசோபுரொப்பைல் அல்ககோல் நனைத்த பருத்தித் துணியால் இரு பக்கமும் துடையுங்கள். வெள்ளீயம் பூசிய பிளக் கிடைத்தால் அதையே போடுங்கள், கிடைக்காவிட்டால் நிக்கல். வளையத்தை இலேசாக நெருக்கி இறுக்கமாகச் செருகுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் இடையிடையே கழற்றிச் செருகினால் அந்த உரசலிலேயே படலம் நீங்கும். ஸ்பீக்கர் வயரில் கறுத்த பகுதியை வெட்டியெறிந்து, புதிய செம்பை முறுக்கி இறுக்குங்கள். முனைக்கு ஈயம் பற்றவைக்காதீர்கள்; திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, பிடி தளர்ந்துவிடும்.