லேக் டிஸ்ட்ரிக்ட்: முட்டிவலி உள்ள அம்மாவுக்கு எந்த ஏரி?

வணக்கம். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில், ஆம்பிள்சைடில் அம்மாவுடன் தங்கியிருக்கிறேன். அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். கார் இல்லை, பஸ்தான். வந்து மூன்று நாளாகிறது, ஊர் திரும்ப முழுசாக ஒரு நாள்தான் மிச்சம். மலையை ஏரிக்கரையில் நின்று கண்ணாரப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

முதல் நாள் விண்டர்மியரில் படகு ஏறினோம். சாரலில் எதிர்க்கரைகூடத் தெரியவில்லை. மறுநாள் ஆரெஸ்ட் ஹெட் என்ற சின்னக் குன்று. வெறும் 238 மீட்டர்தானே என்று நம்பிக் கூட்டிப் போனேன். பாதி வழியில் ஈரக்கல் வழுக்கியது. அம்மா பக்கத்துக் கல்சுவரைப் பிடித்துக்கொண்டு, "நீ போய்ப் பாத்துட்டு வாப்பா" என்றார். எனக்கு மனசே வரவில்லை, இருவரும் இறங்கிவிட்டோம். நேற்று ஊன்றுகோல் வாங்கினேன். சமதரையில் முக்கால் மணி நேரம் நடக்கிறார். ஏற்றம், படிக்கட்டு மட்டும் ஆகாது. டார்ன் ஹௌஸ் என்ற சிறு ஏரியைச் சுற்றும் பாதை நல்லது என்றார்கள். ஆனால் அதன் வாசல் வரை போக பஸ் கிடைக்கவில்லை.

இப்போது இரண்டு யோசனை. 555 பஸ்ஸில் கெஸ்விக் போய் டெர்வென்ட்வாட்டர் ஏரியில் படகில் ஒரு சுற்று, பிறகு ஃப்ரையர்ஸ் க்ராக் என்ற கரையோரக் காட்சிமுனை வரை நடை. இல்லாவிட்டால் அல்ஸ்வாட்டர் ஏரியில் 'ஸ்டீமர்' என்று சொல்லும் படகு. அங்கே மலைகள் இன்னும் நெருக்கம், ஆனால் பஸ் மாற வேண்டும்.

நேரில் போனவர்கள் சொல்லுங்கள்: படகுத்துறையில் ஏறி இறங்குவது முட்டிவலிக்காரருக்கு இந்த இரண்டில் எங்கே சுலபம்?