நைட்ரோ ட்ரக்கின் எரிபொருள் டேங்கில் காற்றுக் கசிவு: அடைப்பதா, மாற்றுவதா?

மண்மேடு எழுதியது:

முழு டேங்குடன் கிளம்பும்போது என் நைட்ரோ ட்ரக் (நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் கண்ட்ரோல் மாடல் வண்டி) ஒழுங்காகவே ஓடுகிறது. எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்கியதும் ஐட்லிங் (த்ராட்டில் தராதபோது எஞ்சின் சுழலும் வேகம்) தானாக ஏறுகிறது. த்ராட்டிலை விட்ட பிறகும் வேகம் உடனே தணிவதில்லை. எஞ்சின் தலைப்பகுதியின் வெப்பமும் வழக்கத்தைவிடக் கூடுகிறது. இதைச் சரிசெய்ய ஹை-ஸ்பீடு ஊசியை (கார்புரேட்டரில் எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் திருகை) சற்றுத் திறந்து வைத்தால், அடுத்த முறை டேங்கை நிரப்பியவுடன் புகையைக் கக்கிக்கொண்டு திணறுகிறது. மூடியைச் சுற்றியும், டேங்கின் இரு பாதிகள் சேரும் விளிம்பிலும் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கிறது. விளிம்பை ஏதாவது பசையால் அடைத்துவிடலாமா, அல்லது டேங்கையே மாற்ற வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சுடர்முனை எழுதியது:

டேங்கை மாற்றும் முடிவுக்கு இப்போதே போக வேண்டாம். இந்த எஞ்சின்களில் எரிபொருளைத் தள்ளுவதற்குத் தனி பம்ப் கிடையாது. சைலன்சரின் காம்பிலிருந்து சிலிக்கோன் குழாய் வழியாக டேங்கின் மேற்பகுதிக்கு வரும் புகையின் அழுத்தமும், கார்புரேட்டரின் குறுகிய பகுதியில் உண்டாகும் உறிஞ்சலும் சேர்ந்துதான் எரிபொருளை நகர்த்துகின்றன. அந்த அழுத்தம் மிகச் சிறியது என்பதால், மூடியின் ஓ-ரிங்கில் (கசிவைத் தடுக்கும் வளையத்தில்) மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் எரிபொருளின் வரத்து குறைந்து கலவை லீன் (காற்று மிகுந்து எரிபொருள் குறைந்த நிலை) ஆகிவிடும். டேங்க் நிறைந்திருக்கும்போது மேலே உள்ள காற்றுவெளி சிறியது. சைலன்சர் அதை உடனுக்குடன் நிரப்பிவிடுவதால் கசிவு வெளியே தெரிவதில்லை. எரிபொருள் குறையக் குறைய அந்த வெளி பெரிதாகி, அழுத்தம் ஏறுவதற்குத் தாமதமாகிறது. நீங்கள் சொல்லும் அறிகுறி இதற்கு அப்படியே பொருந்துகிறது.

டேங்கைக் கழற்றி, எஞ்சியிருக்கும் எரிபொருளை முழுவதும் வடித்து, கார்புரேட்டருக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டு, அழுத்தக் குழாயின் முனையில் சிரிஞ்சைப் பொருத்தித் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். குமிழி எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் கசிவு. தயவுசெய்து வாயால் ஊதாதீர்கள். எரிபொருளில் இருக்கும் மெத்தனால் கண் நரம்பைப் பாதிக்கும் நஞ்சு, காலியான குழாயிலும் அதன் ஈரம் இருக்கும். மூடியில் குமிழி வந்தால் ஓ-ரிங்கையும், தளர்ந்திருந்தால் மூடியின் ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள். விளிம்பில் வந்தால் நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்து எப்பாக்ஸி பூசினால் போதும்.

பழைய பிஸ்டன் எழுதியது:

மூடியைப் பற்றிச் சுடர்முனை சொன்னது சரி. விளிம்பில் எப்பாக்ஸி பூசும் யோசனையை நான் உறுதியாக மறுக்கிறேன். டேங்கின் பிளாஸ்டிக் எரிபொருளைத் தாங்குவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது, அதாவது எதுவும் எளிதில் ஒட்டாத வழுவழுப்பான பொருள். அதன்மேல் பல மாத எண்ணெய் ஊறியிருக்கிறது. எரிபொருளில் இருக்கும் நைட்ரோமீத்தேனோ ஒரு வலுவான கரைப்பான். சூப்பர் க்ளூவைப் பிரித்தெடுக்கப் பயன்படும் கரைப்பான்களில் அதுவும் ஒன்று என்பதால் அந்தப் பசையைப் பற்றிப் பேசவே வேண்டாம். எப்பாக்ஸி சில காலம் தாக்குப்பிடிக்கும், பிறகு ஓரத்தில் மெல்ல விடுபடும். அது விடுபடும் நாளை நீங்கள் அறியமாட்டீர்கள். எஞ்சின் தான் முதலில் அறியும், ஏனென்றால் இதில் எண்ணெய் எரிபொருளோடு கலந்தே வருகிறது. கலவை லீன் ஆகும்போது வெப்பம் ஏறுவதோடு பிஸ்டனுக்கும் ஸ்லீவுக்கும் (பிஸ்டன் ஓடும் உருளைக்கும்) போகும் எண்ணெயும் குறைகிறது. டேங்க் ஒரு சாதாரண உதிரிபாகம். அதைக் காப்பாற்றப் போய் பிஸ்டனையும் ஸ்லீவையும் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். சால்டரிங் அயர்னால் விளிம்பை உருக்கி ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுமார் 11 டிகிரி செல்சியஸிலேயே மெத்தனால் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடத் தொடங்கிவிடும். அது எரியும் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. கழுவிவிட்டோம் என்ற நம்பிக்கையில் சூடான இரும்பை டேங்குக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது.

நிதானம் எழுதியது:

இருவரும் டேங்கைக் குற்றவாளியாக வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐட்லிங் ஏறுவதும் த்ராட்டிலை விட்டபின் வேகம் தணியாததும் எஞ்சினுக்குள் நேரடியாகக் காற்று புகும்போதும் வரும் அறிகுறிகள்தாம். கார்புரேட்டரின் கழுத்தில் உள்ள ஓ-ரிங், எஞ்சினின் பின் தகட்டின் ஓ-ரிங், தேய்ந்த முன் பேரிங் ஆகிய மூன்று இடங்களையும் சோதிக்காமல் டேங்கை மாற்றினால், புது டேங்கிலும் அதே கதைதான் தொடரும்.

அதோடு, குழாயில் குமிழிகள் ஓடுவதைப் பார்த்தவுடன் கசிவு என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். டேங்கை சேசிஸுடன் இணைக்கும் ரப்பர் வளையங்கள் நசுங்கிப்போனால், எஞ்சினின் அதிர்வு நேராக டேங்குக்குப் போய் எரிபொருளை நுரைக்கச் செய்யும். டேங்கில் எரிபொருள் குறைவாக இருக்கும்போதுதான் இந்த நுரை உறிஞ்சுமுனையை எட்டும். ஆக, பாதி டேங்கில் தொடங்கும் தொல்லை என்பதை மட்டும் வைத்து மூடியைக் குறைசொல்ல முடியாது.

சுடர்முனையின் தண்ணீர்ச் சோதனையிலும் எனக்கு ஆட்சேபம் உண்டு. மூடியை அழுத்திப் பிடித்திருப்பது ஒரு ஸ்பிரிங் மட்டுமே. சிரிஞ்சை வேகமாக அழுத்தினால் நல்ல மூடிகூட எழும்பிக் குமிழி விடும். மாறாக, சேசிஸில் திருகும்போது காதுப்பகுதி (திருகு மாட்டும் நீட்சி) இழுபட்டு விரியும் விளிம்பு, கழற்றிய நிலையில் மூடிக்கொண்டு குமிழியே காட்டாமலும் போகலாம். போதாததற்கு, மெத்தனாலோடு தண்ணீர் எளிதாகக் கலக்கும். சரியாக உலராத டேங்கில் ஊற்றிய எரிபொருள் அந்த ஈரத்தை எஞ்சினுக்குள் கொண்டுபோனால் பேரிங் துருப்பிடிக்கும்.

சுடர்முனை எழுதியது:

சிரிஞ்சை மெதுவாக அழுத்த வேண்டும் என்பதையும், டேங்க் திருகப்பட்ட நிலையிலேயே சோதிக்க வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். அப்படியானால் தண்ணீரே தேவையில்லை. டேங்க் வண்டியில் இருக்கும்போதே எரிபொருள் குழாயைக் கிளிப்பால் இறுக்கி, அழுத்தக் குழாயை சைலன்சரிலிருந்து கழற்றி அதில் சிரிஞ்சைச் செருகி, தண்டைச் சிறிதளவே அழுத்திப் பிடித்துவிட்டு விடுங்கள். காற்று உள்ளே நின்றால் தண்டு பின்னோக்கித் தள்ளப்படும்; கசிந்தால் அப்படியே கிடக்கும். சந்தேகமான இடங்களில் சோப்பு நீரைத் தொட்டு வைத்தால் இடமும் தெரிந்துவிடும்.

ஆனால் எஞ்சினில்தான் குறை என்ற வாதத்தை ஏற்க முடியாது. பின் தகட்டிலோ கார்புரேட்டர் கழுத்திலோ காற்று புகுந்தால், டேங்க் நிறைந்திருந்தாலும் ஐட்லிங் நிலையாக நிற்காது. மண்மேட்டின் வண்டி முழு டேங்கில் ஒழுங்காக ஓடுகிறது என்பதே முக்கியமான தடயம். எரிபொருளின் மட்டத்தோடு சேர்ந்து மாறும் குறை டேங்கிலோ, அதன் இரு குழாய்களிலோதான் இருக்கும்.

மண்மேடு எழுதியது:

சுடர்முனை சொன்னபடி வண்டியிலேயே சோதித்தேன். தண்டு பின்னோக்கி வரவில்லை. சோப்பு நீரில் மூடியைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் குமிழி எழுந்தது. மூடியை விரலால் அழுத்திப் பிடித்தபோது மூடிக் குமிழி நின்றது, தண்டும் சற்றுப் பின்னால் வந்தது; ஆனால் கசிவு முழுமையாக நிற்கவில்லை. விளிம்பில் பின் திருகுக்கு அருகே மிக மெதுவாக நுரை கட்டுகிறது. அந்தத் திருகைத் தளர்த்தினால் நுரையும் நின்றுவிடுகிறது. ரப்பர் வளையம் ஒன்று கிழிந்திருப்பதையும் பார்த்தேன்.

பழைய பிஸ்டன் எழுதியது:

இதைத்தான் எதிர்பார்த்தேன். கிழிந்த வளையத்தால் டேங்க் கோணலாக உட்கார்ந்து, திருகின் இறுக்கம் முழுவதும் காதுப்பகுதியில் ஏறியிருக்கிறது. இழுபட்டுப் பிரிந்த விளிம்பு மறுபடி பிரியும். மேலே எதைப் பூசினாலும் ஒவ்வொரு குதியிலும் பூச்சு விரிசல் விடும். புது வளையங்களோடு புது டேங்கைப் பொருத்துங்கள்.

நிதானம் எழுதியது:

டேங்கில் கசிவு இருப்பது இப்போது தெளிவு. எஞ்சினை முதலில் பிரிக்கச் சொல்ல மாட்டேன். ஆனாலும் பழைய பிஸ்டன் அவசரப்படுகிறார். திருகைத் தளர்த்தியதும் நுரை நிற்கிறது என்றால், விளிம்பு இன்னும் முழுதாகப் பிரியவில்லை என்று பொருள். முதலில் வளையங்கள் எல்லாவற்றையும் மாற்றி, டேங்க் இலேசாக அசையும் அளவுக்கு மட்டும் திருகி, மூடிக்குப் புது ஓ-ரிங் போட்டு மீண்டும் சிரிஞ்சைப் பொருத்திப் பாருங்கள். பழைய ஓ-ரிங்கைப் பெட்ரோலில் கழுவிப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சிலிக்கோன் ஓ-ரிங் பெட்ரோலில் ஊதிப் பெருத்து, பள்ளத்தில் சரியாக உட்காராது. அதன் பிறகும் காற்று இறங்கினால் டேங்கை மாற்றுங்கள். எப்பாக்ஸி வேண்டாம் என்பதில் பழைய பிஸ்டனோடு முழுவதும் ஒத்துப்போகிறேன்.

சுடர்முனை எழுதியது:

அசையாத தட்டையான இடத்தில் எப்பாக்ஸி நீண்ட காலம் நின்றதைப் பார்த்திருக்கிறேன் என்பதால் அதை அடியோடு ஒதுக்க நான் தயாராக இல்லை. திருகுக் காதுக்கு அருகே அது நிற்காது என்பது மட்டும் உண்மை.

மண்மேடு, எந்த வழியில் சரிசெய்தாலும், கசிவுக்கு ஈடாக நீங்கள் திறந்து வைத்த ஊசியை அதே நிலையில் விட்டு ஓட்டினால் அழுத்தம் திரும்பியவுடன் எஞ்சின் மிக ரிச்சாக (எரிபொருள் மிகுந்து) ஓடும். மூடுவதானாலும் ஒரே திருகலில் மூடாமல் மணிக்கூட்டின் ஒரு மணி நேர இடைவெளி அளவுக்குச் சிறிது சிறிதாக மூடி, ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று ஓட்டி, நீலப்புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். முதல் டேங்க் முழுவதும் தீரும்வரை, குறிப்பாகப் பாதிக்குக் கீழே, தலைப்பகுதியின் வெப்பத்தை அளந்துகொண்டிருங்கள். அழுத்தக் குழாயையும் பழைய நீளத்திலேயே வெட்டுங்கள். நீளம் மாறினால் அதற்கேற்ப டியூனிங்கும் நகரும், அதைக் கசிவு என்று மறுபடி தேடத் தொடங்கிவிடுவீர்கள்.